கல்யாணக் குளத்துக் கெளுத்தி

இலையில் தண்ணீர் தெளித்தாயிற்று, உப்பு வைத்தாயிற்று, ஓரத்தில் சர்க்கரையும் வாழைப்பழமும் வைத்தாயிற்று, சோறும் விழுந்தாயிற்று, நான் இன்னும் வலது கையை மடியில்தான் வைத்திருக்கிறேன், கூடத்தில் இருக்கிற அத்தனை கண்ணும் அந்தக் கையின் மேல்தான், என்னமோ அது என் கை இல்லை, ஏலத்துக்கு வந்த சாமான் என்பது மாதிரி. இந்தச் சோற்றைத் தொட்டால் என் மகள் சுபத்ராவுக்கும் இந்த வீட்டுப் பையன் இளஞ்செழியனுக்கும் கல்யாணம் நிச்சயம். தொடாமல் போனால் இல்லை. தொட்டுவிட்டுப் பாதியில் எழுந்தால் இரண்டு வீட்டுக்கும் ஜென்மத்துக்கும் பேச்சுவார்த்தை இல்லை. கை நனைப்பது என்று இதற்குப் பெயர். ஒரு கிழவன் சோற்றில் கை வைப்பதைக் கொண்டு இரண்டு பேர் வாழ்க்கையை முடிவு செய்கிற ஜனங்கள், இவர்களோடுதான் நான் சம்பந்தம் செய்ய வந்திருக்கிறேன். சோபாவுக்குக் கடையில் போட்டுக் கொடுத்த பிளாஸ்டிக் உறையை இன்னும் பிரிக்கவில்லை, யாருக்காகக் காப்பாற்றுகிறார்களோ. சுவரில் பையன் பட்டம் வாங்கிய படம், அதற்கு ஒரு ஜிகினா மாலை, உயிரோடிருக்கிற பிள்ளைக்கு மாலை போட்டுவைத்த புண்ணியவான்கள். மின்விசிறி சுற்றுகிறது, காற்று வரவில்லை, சத்தம் வருகிறது. பக்கத்து இலையில் என் மனைவி செண்பகவல்லி, பட்டுப்புடவை, முகம் கொள்ளாத சிரிப்பு, முழங்கை மட்டும் என் விலாவில். தொடுங்களேன் என்கிறது அந்த முழங்கை. காலையில் சிதம்பரத்தில் கார் ஏறும்போதே சுபத்ரா சென்னையிலிருந்து போன் செய்துவிட்டாள். 'அப்பா, அங்க போய் யாருக்கும் பாடம் எடுக்காதீங்க. இவரை நானே பாத்து நானே முடிவு பண்ணினேன். ஏற்கெனவே ரெண்டு இடம் உங்க வாயால போச்சு. இதுவும் போச்சுன்னா எனக்கு அப்பான்னு ஒருத்தர் இருக்காருங்கிறதையே மறந்துடுவேன்.' வாயால் போனதாம். திமிங்கிலத்தை மீன் என்று சொன்ன ஒரு பேங்க் மேனேஜரிடம் அது மீன் இல்லை என்றேன், இது தெரியாமலா இத்தனை வருஷம் கையெழுத்துப் போட்டீர்கள் என்று கேட்டேன், அதற்குப் பெயர் வாயா. ஆனாலும் மறந்துடுவேன் என்று அவள் சொன்ன குரல் கார் முழுக்கக் கூடவே வந்தது. கோபமாகச் சொல்லியிருந்தால் பதில் சொல்லியிருப்பேன். களைத்துப்போய்ச் சொன்னாள்.

எதிர் வரிசையில் பையனின் தாய்மாமன் கோதண்டம், தொப்பையை இலைக்கு மேல் தொங்கவிட்டபடி, சோற்றைத் தொட வழியில்லாமல் அப்பளத்தை நொறுக்கிக்கொண்டிருக்கிறார். நான் தொட்டால்தான் அவர் தொடலாம், அந்தக் கடுப்பு முகத்தில் தெரிகிறது. 'மாப்ள சொன்னாப்ல, நீங்க மீன் டாக்டராமே. ஏங்க, மீனுக்கு ஊசி எங்கங்க போடுவீங்க?' என்கிறார், எல்லோரும் சிரிக்கிறார்கள், செண்பகவல்லி எல்லோரையும் விடச் சத்தமாகச் சிரிக்கிறாள், துரோகி. மீன் டாக்டர். கெளுத்திகளின் தலையோட்டைப் பார்த்து இனம் பிரிப்பதில் வாழ்நாளைக் கழித்தவனுக்கு இந்த ஊர் கொடுத்த பட்டம். கெளுத்தி என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிடுகிறார்கள், மீசை இருந்தால் கெளுத்தி, செதில் இல்லாவிட்டால் கெளுத்தி. எத்தனை கெளுத்தி தெரியுமா உனக்கு கோதண்டம்? மலை ஓடையில் வெள்ளம் அடித்துக்கொண்டு போகாமல் வயிற்றால் பாறையைக் கவ்விக்கொண்டு கிடக்கும் ஒன்று, விரல் நீளம்தான். கேரளத்துக் கிணறுகளில், பூமிக்கடியில் ஊறுகிற தண்ணீரில், கண்ணே இல்லாமல், தோலுக்குள் ரத்தம் தெரியச் சிவப்பாக நீந்தும் ஒன்று, வாளியில் வந்தால் புழு என்று கொட்டிவிடுவார்கள். வாய்க்காலில் கூட்டமாகத் திரியும் சின்னக் கெளுத்தி, பிடித்தால் முள்ளை விறைத்துக்கொண்டு கிறீச்சென்று கத்தும். தேங்கி நாறுகிற குட்டையில் தேளி, குத்தினால் அன்றைக்கு முழுக்க அழ வேண்டியதுதான். ஆற்று மடுவில் வாளை, ஆள் நீளம் வளர்ந்து, வாய் நிறையப் பல்லோடு, கூசாமல் தன் இனத்தையே தின்னும். மனிதர்களைப் பார்க்கும்போது எனக்கு இது ஒரு சௌகரியம், எந்தத் தண்ணீரில் கிடக்கிற ஆள் என்று பார்த்த மாத்திரத்தில் தெரிந்துவிடும். கல்லூரியில் எனக்கு மேலிருந்தவர்கள் எல்லாம் தொட்டிக் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு அழுக்கைத் தின்கிற மீன், வீட்டு மீன்தொட்டியில் அலுத்துப்போய் யாரோ ஏரியில் கொட்டிவிட்டது, இப்போது ஏரியே அதுதான். கோதண்டத்தை எங்கே வைப்பது? குட்டைதான். தேளி அளவுக்கு விஷமில்லை, அதற்கும் ஒரு தகுதி வேண்டும்.

சமையலறையிலிருந்து பையனின் அம்மா கமலவேணி மண்சட்டியைத் துணியில் பிடித்துக்கொண்டு வருகிறாள், பின்னால் பையன் தண்ணீர்ச் செம்போடு வருகிறான், என்னைப் பார்த்து முழுங்குகிறான், சுபத்ரா எல்லாம் சொல்லித்தான் வைத்திருக்கிறாள். 'அண்ணன் கெளுத்தியிலதான் டாக்டர் பட்டம் வாங்குனாருன்னு அண்ணி போன்ல சொன்னாங்க. அதான் வேற எதுவும் ஆக்கலிங்க. மாங்கா போட்டு வெச்சிருக்கேன்' என்கிறாள் கமலவேணி. அடப்பாவிகளா. எதைப் படித்தானோ அதைத்தான் தின்பான் என்று நினைத்திருக்கிறார்கள். அறுத்து, ஊசி குத்தி, முள் முள்ளாக எண்ணி, ஃபார்மலின் நாற்றத்தோடு வீட்டுக்கு வந்து சோற்றுக்கு உட்கார்ந்து, ஒருநாள் கெளுத்திக் குழம்பைப் பார்த்ததும் குமட்டி எழுந்தவன் நான், அன்றிலிருந்து வீட்டில் கெளுத்தி கிடையாது. இது செண்பகவல்லிக்குத் தெரியும். தெரிந்தும் சொல்லாமல் உட்கார்ந்திருக்கிறாள், என்ன ஆக்கினாலும் தின்றுவிட்டு வரட்டும் என்று. தலை விழுகிறது என் இலையில். உள்ளங்கை அகலத் தலை. குழம்பு மூடிக் கிடக்கிறது, மீசை சுருண்டு, கண் வெளுத்து, என் முகத்தைப் பார்க்கிற மாதிரி ஒருக்களித்து. பையனின் அப்பா வைத்தியலிங்கம் இதற்காகவே காத்திருந்தவர் மாதிரி துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு என் முன்னால் வந்து குனிகிறார். 'இது கல்யாணக் குளத்து மீனுங்க. தோ, கொல்லைக்கு அந்தாண்ட இருக்கு. எங்க பாட்டன் காலத்துலேர்ந்து அதுல யாரும் வலை போடறதில்ல. வீட்டுல ஒரு கல்யாணம் பேசி, சம்மந்தி கை நனைக்க வர்ற அன்னிக்கு மட்டும் ஒரே ஒரு வீச்சு. வர்றதுல பெரிய தலை சம்மந்திக்கு. எங்க தங்கச்சிக்குப் பேசுனப்ப போட்டது, அப்பறம் இன்னிக்குத்தான். அசல் நாட்டுக் கெளுத்திங்க.' சுபகாரியத்துக்கு மீன் ஆக்குகிற ஒரே குடும்பம் தமிழ்நாட்டில் இதுவாகத்தான் இருக்க வேண்டும், அதற்கு ஒரு பாட்டன், ஒரு குளம், ஒரு பெருமை. அசலாம். அசல் என்றால் என்னவென்று தெரியுமா இந்த ஆளுக்கு.

முழங்கை இன்னொரு தடவை இடிக்கிறது. களைத்துப்போன அந்தக் குரல் இன்னொரு தடவை கேட்கிறது. இரண்டு பேர் மட்டும் இருக்கிற வீட்டில் மூன்றாவது ஆளாக ஃபிரிட்ஜ் உறுமுவதும், ஞாயிற்றுக்கிழமை மதியம் போன் அடிக்குமா என்று அதை நான் பார்க்காத மாதிரி பார்த்துக்கொண்டிருப்பதும் ஞாபகத்துக்கு வருகிறது. சரி, தொடுகிறேன். சோற்றில் கை வைக்கிறேன், குழம்பைப் பிசைகிறேன், கூடம் முழுக்க மூச்சு விடுகிற சத்தம் கேட்கிறது, கமலவேணி கண்ணைத் துடைத்துக்கொள்கிறாள், யாரோ உள்ளே போய் அங்கே இருக்கிற பெண்களிடம் 'நனைச்சிட்டாரு' என்கிறார்கள். கோதண்டம் இதற்குள் மூன்று கவளம் உள்ளே தள்ளிவிட்டார். இதோடு நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் எல்லாம் முடிந்திருக்கும். ஆனால் கோதண்டம் வாயில் சோற்றோடு கேட்கிறார், 'என்ன மீன் டாக்டரே, அசல் நாட்டுக் கெளுத்தி, இத மாரி உங்க காலேஜுல பாத்திருக்கீங்களா?' பார்த்திருக்கிறேனாவா. இந்தத் தாலுகாவில் நான் இறங்காத குளம் கிடையாது, முழங்கால் சேற்றில், அட்டை கடிக்க, வாய்க்கால் வாய்க்காலாக, வயல் குழி வயல் குழியாக நாட்டுக் கெளுத்தியைத் தேடினவன் நான். எங்கே வலை போட்டாலும் ஆப்பிரிக்கக் கெளுத்திதான் வந்தது. கோழிக்கடைக் கழிவைத் தின்று, நாட்டு மீனைத் தின்று, தன் குஞ்சையும் தின்று, அரசாங்கம் தடை செய்த பிறகும் திருட்டுத்தனமாகக் குட்டைக்குக் குட்டை வளர்க்கப்பட்டு, வெள்ளத்தில் வெளியேறி எல்லா நீரையும் பிடித்துக்கொண்ட சனியன். நாட்டுக் கெளுத்தி இந்தத் தாலுகாவில் அற்றுப்போய்விட்டது என்று முதலில் சொன்னது நான்தான். மாநாட்டில் சொன்னேன், யாரும் எதிர்த்துப் பேசவில்லை, அதற்குப் பிறகு எல்லோரும் என்னைச் சொல்லித்தான் அதைச் சொன்னார்கள். நான் இல்லை என்று சொன்னால் இல்லை. உள்ளங்கை அகலத் தலை நாட்டு மீனுக்கு வராது, ஒரு முழம் வளர்வதற்கே அது தலைகீழாக நிற்க வேண்டும். எவனோ குஞ்சு விற்றிருக்கிறான், இந்த ஆள் வாங்கிப் பாட்டன் குளத்தில் விட்டிருக்கிறார், விட்டுவிட்டு அசல் என்கிறார், தலையை என் இலையிலேயே வைக்கிறார்.

'இது நாட்டுக் கெளுத்தி இல்லீங்க' என்கிறேன். என் குரல் வகுப்பில் வருகிற குரல், எனக்கே கேட்கிறது. 'ஆப்பிரிக்கக் கெளுத்தி. கோழிக் கழிவு தின்னு வளர்றது. அரசாங்கம் தடை பண்ணின மீன்.' முழங்கை விலாவில் இறங்குகிறது, இறங்கட்டும். கோதண்டம் மெல்லுவதை நிறுத்திவிட்டார், அதைப் பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. கமலவேணி சட்டியைப் பிடித்தபடி அப்படியே நிற்கிறாள். வைத்தியலிங்கம் முகத்தில் கோபம் வரும் என்று எதிர்பார்க்கிறேன், வரட்டும், கோபம் வந்தால் அதற்கும் என்னிடம் பதில் இருக்கிறது. வரவில்லை. பயம்தான் வருகிறது. 'தடை பண்ணுனதுங்களா? அய்யய்யோ. நாங்க எதுவும் வாங்கி வுடலிங்களே. போன வெள்ளத்துல ஏறியிருக்குமோ. பையன் அரசாங்க உத்தியோகத்துல இருக்கான், அவன் வீட்டுக் கொளத்துல தடை பண்ணுன மீனுன்னு எவனாச்சும் ஒரு பெட்டிசன் போட்டா போதுமே' என்கிறார். பையன் 'அப்பா, அவர் சாப்ட்டு முடிக்கட்டும்ப்பா' என்கிறான். 'நீ சும்மா இருடா. தெரிஞ்சவரு சொல்றாரு. சம்மந்தி, என்ன பண்ணணும் சொல்லுங்க, கொளத்த எறச்சுடவா?' இப்படிக் கேட்டால் நான் என்ன சொல்வேன். வாழ்நாளில் முதல் தடவையாக ஒருத்தன் நான் சொன்னதைக் கேட்டு உடனே செய்கிறேன் என்கிறான், அதுவும் முட்டாள். சொல்கிறேன். இறைத்தால் மட்டும் போதாது, தண்ணீர் வற்றினால் கெளுத்தி சேற்றுக்குள் போய்விடும், காற்றையே மூச்சாக இழுத்துக்கொண்டு மாதக்கணக்கில் கிடக்கும், ராத்திரி ஈரத்தில் துடுப்பை ஊன்றி நடந்தே அடுத்த குளத்துக்குப் போகும், அதனால் தண்ணீரை இறைத்த கையோடு சேறு முழுக்க ப்ளீச்சிங் பவுடர் போட்டுக் காய விட வேண்டும், ஒன்று விடாமல் சாக வேண்டும். பாடம் எடுக்காதீங்க என்றாள். எடுத்தாயிற்று. 'கோடைல தண்ணி கொஞ்சந்தான் கெடக்கு, இன்ஜின் அங்கதான் நிக்கிது, சாயங்காலத்துக்குள்ள வத்திடும். உங்க பொண்ணு வாழ வர்ற வீட்ல தப்பான மீனு கெடக்கக் கூடாதுங்க' என்றபடி வைத்தியலிங்கம் கொல்லைப்பக்கம் ஓடுகிறார். ஓடுகிற முதுகைப் பார்க்கிறேன், வேட்டி பின்னால் கசங்கி, செருப்புகூடப் போடாமல். கொஞ்ச நேரத்தில் ஆயில் இன்ஜின் திணறித் திணறிப் பிடித்துக்கொள்கிற சத்தம் கேட்கிறது.

கமலவேணி எனக்கு என்ன வைப்பது என்று தெரியாமல் ரசத்தைக் கொண்டுவந்து நிற்கிறாள், சாப்பிடாமல் இருந்தால் எழுந்துவிடுவேனோ என்ற பயம் அவளுக்கு. இந்த வீட்டில் எல்லோருக்கும் என் மேல் பயம் வந்துவிட்டது, இது எனக்குப் பழகிய தண்ணீர், இதில் நான் நன்றாக நீந்துவேன். சாப்பிடுகிறேன் என்று காட்டுவதற்காகத் தலையைப் பிய்க்கிறேன். கன்னத்துச் சதை கழன்று வருகிறது, வாயில் போடுகிறேன், குமட்டும் என்று காத்திருக்கிறேன், குமட்டவில்லை. புளி, மாங்காய், அரைத்த மிளகாய், பின்னால் மெல்லிசாகச் சேற்று வாசம், சின்ன வயதில் இதற்காகத்தான் சண்டை போட்டுக்கொள்வோம். ஆப்பிரிக்க மீனுக்கு இந்த ருசி உண்டா என்று எனக்குத் தெரியாது. இத்தனை வருடத்தில் நான் எதையுமே தின்று பார்க்கவில்லையே. மீசை இருக்கிற பக்கத்தை விட்டுவிட்டுப் பிடரிப் பக்கத்தை உறிஞ்சுகிறேன், குழம்பு போய், தோல் போய், எலும்பு நாக்கில் தட்டுகிறது. நாக்குதான் முதலில் நின்றது. அப்புறம் கட்டைவிரல் நகத்தை அந்த விளிம்பில் வைத்து ஒரு கோடியிலிருந்து இன்னொரு கோடிக்கு ஓட்டினேன், இதை இருட்டிலும் செய்வேன், தூக்கத்திலும் செய்வேன். ஆப்பிரிக்கக் கெளுத்தியின் மண்டை எலும்பு பிடரியில் மூன்று முனையாக முடியும், நடுவில் இரண்டு பள்ளம், நகம் இரண்டு இடத்தில் விழும். விழவில்லை. இன்னொரு தடவை ஓட்டுகிறேன். வழுக்கிக்கொண்டு ஒரே வளைவாகப் போகிறது. அழுத்தி ஓட்டுகிறேன், பள்ளத்தை நானே தோண்டிவிடலாம் என்பது மாதிரி. ஒரே வளைவு. யாரும் வலை போடாத குளத்தில், யாரும் தொந்தரவு செய்யாமல், நான் தேடிக்கொண்டிருந்த காலமெல்லாம் ஒரு முழத்துக்கும் மேல் வளர்ந்து, கிழடாகி, கல்யாணத்துக்காகக் காத்துக் கிடந்த நாட்டுக் கெளுத்தி. கொல்லைப்பக்கம் இன்ஜின் இப்போது திணறாமல் சீராக ஓடுகிறது.

இந்தக் குளத்தில் நான் ஏன் இறங்கவில்லை? இறங்க விட்டிருக்க மாட்டார்கள், வலை போடாத குளம். கேட்டிருக்கலாம். கேட்டேனா? இந்த ஊருக்கு வந்ததாகவே ஞாபகமில்லை, பக்கத்து ஊரோடு சேர்த்து இல்லை என்று எழுதியிருப்பேன். சரி, அது கிடக்கட்டும், அதைப் பிறகு பார்க்கலாம், இப்போது இன்ஜினை நிறுத்த வேண்டும். 'தம்பி' என்கிறேன் பையனைப் பார்த்து, 'உங்க அப்பாகிட்ட சொல்லுங்க, இன்னைக்கே வேண்டாம், நான் ஆராய்ச்சிக்குக் கொஞ்சம் மீன் எடுத்துக்கறேன், அப்புறம் இறைக்கலாம்.' எவ்வளவு கௌரவமான வாக்கியம், எங்குமே தப்பு இல்லை அதில். பையன் போனில் சொல்கிறான், அங்கே சத்தத்துக்கு மேல் கத்துகிறார் வைத்தியலிங்கம், பையன் திரும்பி என்னிடம் சொல்கிறான், 'உங்களுக்கு வேண்டியத டிரம்ல புடிச்சு வெக்கிறாராம் மாமா. நீங்க சொன்ன பவுடருக்கு ஆள் அனுப்பிட்டாராம். சம்மந்தி சங்கடப்பட்டுகிட்டு வேணாம்கறாரு, நாம செய்யறதுதான் மரியாதைங்கறாரு.' மாமா என்று கூப்பிட்டுவிட்டான். முட்டாள்களின் மரியாதையை மாதிரி ஆபத்தானது உலகத்தில் ஒன்றுமில்லை. ஒரு வார்த்தைதான் இதை நிறுத்தும், அந்த வார்த்தை எனக்குத் தெரியும், மாணவர்கள் தாளில் அதைச் சிவப்பு மையில் எழுதி எழுதி எனக்கு மணிக்கட்டு வலித்திருக்கிறது. என்னைப் பற்றி நானே அதைச் சொன்னதில்லை. சொன்னால் என்ன ஆகும்? கை நனைக்க வந்த வீட்டில், பாட்டன் காலத்து மீனைப் பார்த்து, கோழிக் கழிவு தின்றது என்று சொன்னவன். சொன்னது பொய் என்று அவனே எழுந்து நின்று சொல்கிறான். கோதண்டம் விடுவாரா? இந்த ஆள் சம்பந்தமே வேண்டாம் என்று அவர் இலையை மடிப்பார், மடிக்க நியாயம் இருக்கிறது. மறந்துடுவேன் என்றாள். சொல்லாவிட்டால் என்ன ஆகும்? ஒன்றும் ஆகாது. மீன் போகும். இல்லை என்று சொன்னேன், இல்லாமல் ஆகிவிடும், நான் சொன்னது சரியாகிவிடும். இந்த எண்ணம் எனக்குள்ளிருந்துதான் வருகிறது.

செண்பகவல்லி என் இலையைப் பார்க்கிறாள். அவள் பார்க்கக் கூடாது என்று எலும்பைச் சோற்றுக்குள் தள்ளுகிறேன், பார்த்துவிட்டாள். நான் கொண்டுவரும் தலைகளை அவள்தான் பழைய அலுமினியப் பாத்திரத்தில் வேகவைத்துச் சதை நீக்கித் தருவாள், மொட்டை மாடியில் வரிசையாக அடுக்கி, காக்கை தூக்காமல் சல்லடை கவிழ்த்து வைப்பாள், எனக்குச் சமமாக அவளுக்கு அந்த விளிம்பு தெரியும். 'ஒரே வளைவு' என்கிறாள், உதடு அசையாமல். 'சும்மா இரு.' 'நாட்டு மீனு.' 'தெரியுது.' 'அப்ப சொல்லுங்க.' 'சொன்னா கல்யாணம் நின்னுடும்.' 'நிக்கலாம். எனக்குத் தெரியல. எனக்கு இந்தக் கல்யாணம் வேணும், அதனால நான் சொல்ல மாட்டேன். அந்த மீனு உங்களுக்கு வேணும்னா நீங்க சொல்லுங்க' என்று சொல்லிவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் எதிர்பார்த்தது கெஞ்சல், அல்லது கோபம். அவள் பார்வையில் இரண்டும் இல்லை, நான் கோதண்டத்தைப் பார்த்தேனே, பேங்க் மேனேஜரைப் பார்த்தேனே, தொட்டி மீன்கள் என்று கல்லூரி ஆட்களைப் பார்த்தேனே, அந்தப் பார்வை. நான் எந்தத் தண்ணீரில் கிடக்கிற ஆள் என்று அவளுக்கு எப்போதோ தெரிந்திருக்கிறது. இவ்வளவு நாள் சொல்லாமல் இருந்திருக்கிறாள்.

எழுந்துவிட்டேன். யோசித்து எழுந்தேன் என்று சொல்ல மாட்டேன், கால் எழுந்துவிட்டது. தண்ணீர்ச் செம்பு பையன் கையிலிருந்து விழுகிறது. 'அண்ணே!' என்று கமலவேணி வீறிடுகிறாள், செத்த வீட்டில் கேட்கிற குரல். 'பாதியில எந்திரிச்சிட்டாருடா' என்கிறார் கோதண்டம், அவர் குரலில்கூட கேலி இல்லை. சோற்றுக்குள் தள்ளின எலும்பை எச்சில் கையில் பிடித்தபடி சமையலறை வழியாக, விறகைத் தாண்டி, கொல்லைக்கு வருகிறேன், வெயில் மூஞ்சியில் அறைகிறது, செருப்பு முன்வாசலில் கிடக்கிறது, கால் சுடுகிறது. குளம் சின்னது. தாமரை இல்லை, படித்துறை இல்லை, சுற்றிலும் கோரை, பச்சையும் கருப்பும் கலந்த தண்ணீர், இதைக் குளம் என்று நான் எண்ணியிருக்கவே மாட்டேன். இன்ஜின் பக்கத்தில் வைத்தியலிங்கம், முழங்கால் தண்ணீரில், கொடியையும் பாசியையும் குழாயிலிருந்து பிய்த்துக்கொண்டிருக்கிறார். நடுவில் எங்கோ ஒரு மீசை மேலே வந்து ஒரு வாய் காற்றைக் குடித்துவிட்டு உள்ளே போகிறது. இன்னொன்று. இன்னொன்று. நான் கரையில் நிற்கிறேன். சொல்ல வேண்டியதுதானே. வார்த்தை வாய்க்குள் வந்து நிற்கிறது, அதற்கு முன்னால் வேறு வார்த்தைகள் வந்து வரிசை கட்டுகின்றன, மறுபரிசீலனை, முதல் பார்வையில், குழம்பு மூடியிருந்ததால், அளவை வைத்துப் பார்க்கும்போது. ஒவ்வொன்றாகத் தள்ளிவிடுகிறேன், இன்னொன்று வருகிறது, பேராசிரியர்களுக்கென்றே செய்த வார்த்தைகள், எல்லாம் ஒட்டிக்கொண்டு அழுக்கைத் தின்கிற வார்த்தைகள். இன்ஜின் குளத்தைக் குடித்து வாய்க்காலில் துப்புகிறது. கோரையின் காலில் ஈரக் கோடு தெரிய ஆரம்பிக்கிறது. எவ்வளவு நேரம் அப்படி நின்றேன் என்று தெரியவில்லை, ஒரு வார்த்தைக்கு இவ்வளவு நேரம் எடுத்துக்கொள்கிற மாணவனை நான் வெளியே அனுப்பியிருப்பேன்.

'தப்பு' என்கிறேன். இன்ஜின் சத்தத்தில் எனக்கே கேட்கவில்லை. 'தப்புங்க! நான் சொன்னது தப்பு! நிறுத்துங்க! உங்க மீனு நாட்டு மீனு!' வைத்தியலிங்கம் என்னைப் பார்க்கிறார், என் கையைப் பார்க்கிறார், கையிலிருக்கும் எலும்பைப் பார்க்கிறார், குனிந்து இன்ஜினை நிறுத்துகிறார். திடீரென்று வந்த அமைதியில் வீட்டுக்குள் கமலவேணி அழுகிற சத்தம் கேட்கிறது. அவர் கரையேறி வருகிறார், கால் முழுக்கச் சேறு. 'நாட்டு மீனுதானுங்களா?' 'ஆமா. பாக்காம சொல்லிட்டேன். இந்தத் தாலுகாவுல இதுக்கு மேல இந்த மீனு எங்கயும் இருக்காதுன்னு நெனச்சிருந்தேன். இருக்கு.' அவர் குளத்தைத் திரும்பிப் பார்த்து ஒரு பெருமூச்சு விடுகிறார், என்னைத் திட்டுவார், திட்டட்டும், நான் கேட்டுக்கொள்கிறேன், இப்போது என்னிடம் பதில் கிடையாது. 'இதுக்காங்க எலயிலேர்ந்து எந்திரிச்சீங்க?' என்கிறார். ஆமாம் என்று தலையாட்டுகிறேன். என் பெண் முகம் வருகிறது, போனை வைத்துவிட்டு ஜன்னலைப் பார்க்கிற முகம். கொல்லை வாசற்படியில் எல்லோரும் வந்து நிற்கிறார்கள், கோதண்டம், பையன், புடவைத் தலைப்பை வாயில் வைத்தபடி கமலவேணி, கொஞ்சம் தள்ளி செண்பகவல்லி. 'பாதியில எந்திரிச்சா சம்மந்தம் முறிஞ்சதுன்னு உள்ள எல்லாரும் நெனச்சிட்டிருப்பாங்க' என்கிறார் வைத்தியலிங்கம், மெதுவாக, எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி. 'ஆனா எங்க பக்கத்துல ஒண்ணு உண்டுங்க. எச்சக் கை காயறதுக்குள்ள திரும்பி வந்து உக்காந்துட்டா எந்திரிச்சதா கணக்கு இல்ல. காஞ்சிடுச்சுங்களா?'

கையைப் பார்க்கிறேன். இந்த வெயிலில், அந்த ஒரு வார்த்தைக்காக நின்றிருந்த நேரத்தில், குழம்பு ரேகைகளில் மஞ்சளாகக் காய்ந்து, விரல் இடுக்கில் பருக்கை ஒட்டி வெடித்து, எலும்பு உள்ளங்கையோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. யார் பார்த்தாலும் சொல்லிவிடலாம், இதில் இனம் பிரிக்க ஒன்றுமில்லை.

'இன்னும் காயலீங்க' என்கிறேன்.

அவர் என் கையைப் பார்க்கிறார், நன்றாகப் பார்க்கிறார். பிறகு வாசற்படிப் பக்கம் திரும்பி, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, 'காயல, காயல, ஈரமாத்தான் இருக்கு! சோறு போடு!' என்று சத்தம் போடுகிறார்.